மாடிப்படிக்குக் கீழே போன டெலிபோன்

தலை நிறையச் சீயக்காய். கண்ணைத் திறக்க முடியவில்லை. ஹாலில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று பங்கஜம் இன்னொரு சொம்புத் தண்ணீரை மொண்டாள். நின்றது. நின்ற வேகத்தில் மறுபடி ஆரம்பித்தது. மதுரையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏதாவது என்றால்? அந்த ஒரு நினைப்பு போதும். ஆறு வருஷமாக அவளைக் குளியலறையிலிருந்தும் சோற்றுத் தட்டிலிருந்தும் கிளப்பி விடுவது அதுதான். புடவையை அள்ளிச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் சீயக்காய் வழிய, ஓடிப்போய் எடுத்தாள்.

"ஸ்ரீவத்சன் ப்ராப்பர்ட்டீஸ்தானே?" என்றது ஓர் ஆண் குரல்.

"இல்லீங்க. இது வீடு."

"கார்டுல ஆபீஸ் நம்பர்னு இதைத்தானம்மா போட்டிருக்கு? நீங்க யாரு, செகரட்டரியா? சாரைக் கூப்பிடுங்க. எவ்வளவு நேரமா ட்ரை பண்றது?"

அவள் மாடிப்படி அடியில் நின்று, "ஸ்ரீவத்சன், போன்!" என்று கத்தினாள். இரண்டாவது மாடியில் குடியிருக்கும் ஸ்ரீவத்சன், வீடு, மனை வாங்கி விற்கும் தரகு வேலை பார்ப்பவன், சாவகாசமாக இறங்கி வந்தான். அவளுடைய சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பெருங்குடியில் எதிர்காலத்தில் என்னென்ன வரப்போகிறது என்று யாருக்கோ விவரித்தான். பங்கஜம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஈரம் சொட்ட நின்றாள். கண் எரிந்தது. பேசி முடித்துவிட்டுப் போகும்போது அவன் சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னான்:

"தேங்க்ஸ் மேடம். ஒரு சின்ன ரிக்வெஸ்ட். போனை எடுக்கும்போது 'ஸ்ரீவத்சன் ப்ராப்பர்ட்டீஸ், குட் மார்னிங்'னு எடுத்தீங்கன்னா, பார்ட்டிக்கு ஒரு நம்பிக்கை வரும்."

"என் வாயில நல்லா வந்துடும், போயிடு" என்றாள் பங்கஜம். அவன் போன பிறகுதான் சொன்னாள். அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மந்தைவெளியில், ராஜா அண்ணாமலைபுரம் ஆரம்பிக்கிற இடத்தில், அந்தக் கட்டடம். மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு டெலிபோன், அது தரைத்தளத்தில் கருணாகரன் வீட்டில். அவர் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவு மேற்பார்வையாளர். காலையில் போனால் ராத்திரிதான் வீடு. வருஷக்கணக்கில் காத்திருந்து போன் வந்த அன்றைக்கு, கட்டடம் முழுக்க லட்டு கொடுத்துவிட்டு, கூடவே நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தார். "நம்ம போன்தாங்க. யார் வேணா, எப்ப வேணா பேசலாம்." சொன்ன வாய் அவருடையது. ஓடிய கால் பங்கஜத்துடையது.

சொந்தப் போன் இல்லாதவர்கள் அண்டை வீட்டு நம்பரைக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து போட்டுவிடுவது வழக்கம். அந்த இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டால் அண்டை வீட்டுக்காரி வேலைக்காரியாகிவிடுவாள். கல்யாணப் பத்திரிகை, வேலைக்கு அனுப்பும் விண்ணப்பம், தையற்கடை ரசீது என்று அவள் வீட்டு நம்பர் சுற்றாத இடம் இல்லை. முதல் மாடியில் ஒரு பெண்ணைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள், கூப்பிட்ட கையோடு, "பொண்ணு குணம் எப்படிங்க? கோபம் வருமா?" என்று பங்கஜத்திடமே விசாரித்தார்கள். "பொண்ணுக்கு வராது. எனக்கு வரும்" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஒருநாள் மத்தியானம் யாரோ முதல் மாடிப் பெண் ஒருத்தியைக் கேட்டு, "அவங்க அப்பா தவறிட்டாருன்னு சொல்லிடுங்க" என்று அரை நிமிஷத்தில் வைத்துவிட்டார்கள். அந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு அவள் படியேறினாள். கதவைத் திறந்த பெண் சிரித்த முகமாக, "வாங்கக்கா, உள்ள வாங்க" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குடும்பம் காலிசெய்து போய் வெகுகாலம் ஆகிறது. பங்கஜத்துக்கு அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை.

சீயக்காய் நடந்த அதே வாரம், மூன்றாவது மாடி ஜானு மாமிக்கு ஒரு போன். மாமிக்குக் காது மந்தம். கீழிருந்து கத்தினால் கேட்காது. ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு இறங்கும்போது பங்கஜத்துக்குப் படிகள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜானு மாமி அவளைத் தாண்டி இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்துதான், "என்ன பங்கஜம், இங்கே உக்காந்துண்டிருக்கே?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. மறுபடி அடித்துப் பார்த்தாள்.

"பிரஷர் இவ்வளவு இருக்கக் கூடாதும்மா. வீட்ல ஏதாவது டென்ஷனா?"

"போன்" என்றாள் பங்கஜம்.

"போன்ல யாராவது தொல்லை பண்றாங்களா?"

"எல்லாரும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அது பங்கஜத்துக்குப் பிடித்திருந்தது. மாத்திரை எழுதிவிட்டு, "ஒரு மாசம் எங்கயாவது வெளியூர் போய் நிம்மதியா இருங்க. இல்லேன்னா மாத்திரை மட்டும் போதாது" என்றாள். பிறகு சீட்டின் மேல் பகுதியைக் காட்டி, "உங்க போன் நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாள்.

வீடு திரும்பும் வழி முழுவதும் பங்கஜம் யோசித்தாள். எந்த வெளியூர்? மகள் வீட்டில் சம்பந்தியம்மா எதிரில் காலை நீட்டிப் படுக்க முடியுமா? அப்படியே போனாலும், தன் வீட்டில் நிம்மதி கிடைக்க அவள் ஏன் வெளியே போக வேண்டும்? நிம்மதியைக் கெடுப்பது போன். போக வேண்டியது யார்?

கருணாகரனிடம் சொன்னபோது அவர், "ஹலோ சொல்றதுல என்ன பங்கஜம் பிரஷர்? கடையில நான் நாளெல்லாம் நின்னுகிட்டே கத்துறேன், எனக்கு வந்திருக்கணும்" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். பாண்டி பஜாரில் டயலில் மாட்டுகிற சின்னப் பூட்டு ஒன்று வாங்கிவந்து மாட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தார். "இனிமே ஒருத்தனும் வந்து தொட மாட்டான். போதுமா?"

அவள் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டயலைப் பூட்டினால் இங்கிருந்து பேச முடியாது. அங்கிருந்து வருவது வந்துகொண்டுதான் இருக்கும். அவளைக் கொல்வது வருகிற போன். ஆறு வருஷமாகத் தன் வீட்டு ஹாலில் என்ன நடக்கிறது என்பதே இந்த மனிதருக்குத் தெரியாது! அவர் பூட்டைத் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போனதும், வயர் வந்து சேரும் சின்ன வெள்ளைப் பெட்டியைக் கத்தி முனையால் திறந்து, திருகைத் தளர்த்தி, வயரை உருவி எடுத்தாள். ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அப்படி ஒரு ஒன்றுமில்லாததை அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று.

அன்றைக்கு ரசம் சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தாள். மத்தியானம் தரையில் பாயைப் போட்டுப் படுத்தாள். விழித்தபோது காலையா சாயங்காலமா என்று புரியவில்லை. சந்தோஷமாக இருந்தாள் என்று எழுதினால் பொய். நிஜத்தில், அசதிக்கு அடியில் நசுங்கிக் கிடந்த கோபம் நன்றாகத் தூங்கி எழுந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை நாள் எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறோம் என்று யோசிக்க இப்போதுதான் நேரம் கிடைத்தது.

ஸ்ரீவத்சன் வந்து கதவைத் தட்டினான். "மேடம், லைன் டெட்டா? நான் வேணா கம்ப்ளெய்ண்ட் கொடுத்துடறேன்."

"டெட் இல்ல. பிடுங்கி வச்சிருக்கேன்."

"ஐயோ மேடம்! என் பிசினஸே அதுலதானே ஓடுது?"

"உன் பிசினஸ் ஓடல தம்பி. நான்தான் ஓடிக்கிட்டிருந்தேன்."

ஜானு மாமி மூச்சு வாங்க இறங்கி வந்தாள். "பிடுங்கி வெச்சிருக்கியாமே, நெஜமாவா? ஞாயித்துக்கிழமை பரத்வாஜ் அமெரிக்காலேர்ந்து பேசுவானேடி. கொழந்தை தவிச்சுப் போயிடுவான்."

கொழந்தைக்கு நாற்பது வயது. பங்கஜம் மாமியின் காதருகே போய் உரக்கக் கேட்டாள்: "உங்க பிள்ளை டாலர்ல சம்பாதிக்கிறார். நீங்க ஏன் மாமி ஒரு போன் வாங்கிக்கல?"

"அதுக்கெல்லாம் காத்திண்டிருக்கணுமாமே."

"அப்ளை பண்ணீங்களா?"

மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நீதான் இருக்கியேன்னு…"

அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட மனுப் போடவில்லை என்பது அப்படித்தான் தெரிந்தது. எதற்குப் போடுவார்கள்? கூப்பிட்டால் எடுக்கவும், படியேறி வந்து சொல்லவும், பேசி முடிக்கும்வரை சமையலறையில் ஒளிந்து நிற்கவும் ஒருத்தி இருக்கிறாளே. மாமி போன பிறகு பங்கஜம் கதவைச் சாத்திய சத்தம் மூன்றாவது மாடிக்கே கேட்டிருக்கும், அந்தக் காதுக்கும்கூட.

வியாழக்கிழமை மத்தியானம் கதவு இடிபட்டது. திறந்தால் கருணாகரன், வியர்த்து விறுவிறுத்து. வெளியே ஆட்டோ நின்றது. தூக்கம் கலையாத முகத்தோடு நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உயிரோட இருக்கியா? காலையில நான் கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முதலாளி ஏதோ கேட்கணும்னு இங்க அடிச்சிருக்கார். நானும் அடிக்கிறேன். மணி போகுது, எடுக்க ஆளில்ல. பிரஷர்ல விழுந்து கிடக்கிறியோன்னு பதறி ஓடி வரேன். நீ என்னடான்னா தூங்கிட்டிருக்க!"

"தூங்கினா தப்பா?"

அவர் கண் அவளைத் தாண்டிப் போனது. வயரைப் பார்த்துவிட்டார். பதற்றமெல்லாம் கோபமாக மாறுவதை முகத்தில் பார்க்க முடிந்தது. "நாலு வீட்ல நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"என்னை வச்சு எப்படிங்க வாக்குக் கொடுத்தீங்க? கேட்டீங்களா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைக் கேட்டீங்களா?"

"பொம்பள வீட்லதான இருக்க…"

"அதான். வீட்லதான இருக்கேன். ஆனா வீட்ல இருக்க விட்டீங்களா?"

அவர் கீழே உட்கார்ந்து வயரை மாட்டினார். மாட்டி எழுவதற்குள் போன் அடித்தது. ஸ்ரீவத்சனுக்கு. பங்கஜம் அசையவில்லை. கருணாகரன் வாசலுக்குப் போய் ஒரு தடவை கூப்பிட்டார், கணீரென்று, கடையில் கூப்பிடுவதுபோல. அவன் வந்ததும், பார்த்தாயா, இவ்வளவுதானே என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனார். ஸ்ரீவத்சன் பேசிவிட்டுப் போகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கத்தியை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை அஃப்சருன்னிசா வந்தாள். முதல் மாடியில் தனியாக இருந்து ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். புருஷன் அப்துல் வஹீத் சவூதியில், தமாமில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து கூப்பிடுவார். பங்கஜம் யாருக்காவது மனதார ஓடியிருக்கிறாள் என்றால் அவளுக்குத்தான். கண் வீங்கியிருந்தது, குரல் நடுங்கியது. அழுகையில் அல்ல, கோபத்தில்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா? நேத்து அவர் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு, எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு என் தம்பிக்குத் தந்தி கொடுத்திருக்கார். தம்பி ஐஸ்ஹவுஸ்லேர்ந்து அலறிக்கிட்டு ஓடி வரான். நான் குத்துக்கல்லு மாதிரி தைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். மேல எல்லாருக்கும் போன் இல்லைன்னு தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியாது."

"உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, அஃப்சர்."

"எனக்கு உங்க மேல இருக்குக்கா."

பங்கஜம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள்.

"சொல்லியிருந்தா அடுத்த தெரு எஸ்.டி.டி. பூத் நம்பரைக் கொடுத்திருப்பேன். உங்க ஹால்ல வந்து பேசுறது எனக்கு மட்டும் இனிக்குதா? நான் பேசுறது கேக்கக் கூடாதுன்னு நீங்க உள்ள பாத்திரத்தைப் படபடன்னு உருட்டுவீங்க. எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்துல என் வீட்டுக்காரர்கிட்ட ஆசையா ஒரு வார்த்தை பேசினதில்லக்கா. சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்கு, அவ்வளவுதான்."

பங்கஜத்துக்குத் தன் கோபம் வேறு இடத்தில் பட்டுவிட்டது புரிந்தது. ஆனால் வயரை மறுபடி ஹாலில் மாட்டுகிறேன் என்று வாய் வரவில்லை. வரவும் கூடாது என்று நினைத்தாள்.

"மாடிப்படிக்கு அடியில மீட்டர் ரூம் இருக்குல்ல" என்றாள் மெதுவாக. "கதவு இருக்கு. உள்பக்கம் தாழ்ப்பாளும் இருக்கு."

அஃப்சருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி வயரிங் வேலைதான் பண்றான்க்கா."

தம்பி பீர் முஹம்மது பை நிறையச் சாமானோடு மத்தியானம் வந்தான். சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். "இன்னாக்கா, ஊரே போனை உள்ள கொண்டாறத்துக்கு அலைஞ்சிகினு கீது. நீங்க வெளிய தள்றீங்க. உங்க ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொல்லட்டும். நீ வயரை இழு."

ஜன்னல் வழியாக வயரை விட்டு, சுவரோரமாக ஆணியடித்துக் கொண்டுபோய், மீட்டர் பெட்டிகளுக்குக் கீழே ஒரு பலகையில் போனை வைத்தான். டயலில் பூட்டு அப்படியே இருந்தது. வருவதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்; எடுக்காமலும் போகலாம். பங்கஜம் ஒவ்வொரு மாடியாக ஏறி, கடைசித் தடவையாக, அதைச் சொல்லிவிட்டு வந்தாள். ஸ்ரீவத்சன், "அங்க கொசு கடிக்குமே மேடம்" என்றான். "கடிக்கும்" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி கருணாகரன் கத்தினார். அவளும் கத்தினாள். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு, அவருக்கு விடுமுறை. காலையில் ஈஸிசேரில் பேப்பரை விரித்தபோது மீட்டர் ரூமில் மணி அடித்தது. நாலைந்து தடவை அடித்தும் ஒரு கதவும் திறக்கவில்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மாடிப்படி வளைவுக்குள் அந்தச் சத்தம் ஒன்றுக்கு இரண்டாக எதிரொலித்தது. மேலிருந்து ஸ்ரீவத்சன், "யாராவது எடுங்களேன்!" என்று கத்தினான். பங்கஜம் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

வாக்குக் கொடுத்தவர் பொறுக்க முடியாமல் எழுந்து ஓடினார். ஸ்ரீவத்சனுக்குத்தான். கூப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்தது ஜானு மாமியின் பிள்ளை. மூன்று மாடி ஏறிப் போய், மாமியின் காதில் கத்தி, இறங்கி வந்தார். அடுத்தது தப்பு நம்பர். அதற்கடுத்தது முதல் மாடியில் காலிசெய்து போனவர்களைக் கேட்டு. அவர்கள் இல்லை என்றால் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று விளக்கம் கேட்டார்களாம். இடையில் அஃப்சருன்னிசாவுக்கு, விட்டதைப் பிடிக்க, அப்துல் வஹீத் கூப்பிட்டார். அவள் ஓடிவந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மீட்டர் ரூமுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் அப்படிச் சிரிப்பாள் என்று அதுவரை கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கருணாகரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பனியன் முதுகில் ஒட்டியிருந்தது. "ஒரு மனுஷன் ஒரு பேப்பர் படிக்க முடியல. என்ன ஜனங்க இது! நாளைக்கே அந்தப் பையனைக் கூப்பிட்டுத் திரும்ப நம்ம ஹால்லயே வச்சிடு."

அவரைக்காய் நறுக்கிய கத்தி நின்றது. பங்கஜத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பிரஷர் என்பது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஒரே காலையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் தோன்றிய வழி, அதைத் தூக்கி அவள் மடியில் திரும்ப வைப்பது!

"ஹால்ல வச்சா யாரு ஓடுறது?" என்றாள்.

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவள் காயை அடுப்பில் ஏற்றி, சமையலை முடித்து, சாப்பிட்டதும் ஜன்னலோரம் பாயை விரித்துப் படுத்தாள்.

கண் அசரும் நேரத்தில் மறுபடி மணி. கருணாகரன் அவளைப் பார்த்தார். அவள் விட்டத்தைப் பார்த்தாள். மணி விடவில்லை. அவர் முனகிக்கொண்டே எழுந்து போனார். போன வேகத்தில் திரும்பி வந்து கதவருகே நின்றார்.

"பங்கஜம், உனக்குத்தான். தாரணி, மதுரையிலேர்ந்து."

மகளின் பெயரைக் கேட்டதும் பழக்கத்தில் ஒரு கை தரையை ஊன்றியது. "ஏதாவது அவசரமா?"

"இல்ல. ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு போடணும்னு கேக்குறா."

பங்கஜம் ஊன்றிய கையை எடுத்துத் தலைக்கடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா தூங்குறான்னு சொல்லுங்க. எழுந்ததும் நானே பேசுறேன்."

"முழிச்சுக்கிட்டுதான இருக்க?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தார். வயர் போகிற ஜன்னல் திறந்திருந்தது. மீட்டர் ரூமிலிருந்து அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா தூங்குறாம்மா… இல்ல, இல்ல, உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல… மறைக்கல தாயீ, சத்தியமா… ஆஸ்பத்திரியெல்லாம் இல்லம்மா, இங்கதான், வீட்லதான்… அழாத… சொல்றதைக் கேளு. மத்தியானம் படுத்துத் தூங்குறா, அவ்வளவுதான். ஏன், உங்கம்மா தூங்கக் கூடாதா?"